ஜப்பானியம்: கல்லூரியில் முதல் பருவம், ஓர் எழுத்துகூடத் தெரியாது. விட்டுவிடலாமா?

கோவை முதலாண்டு

எல்லோருக்கும் வணக்கம். கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் முதலாண்டு மாணவி. பன்னிரண்டாவது வரை தமிழ்வழி. இந்தப் பருவத்தில் ஓர் அயல்மொழி எடுக்க வேண்டும். ஜெர்மன், பிரெஞ்சு, ஜப்பானியம் இருந்தன. அப்பா வேலை பார்க்கும் பட்டறையில் ஒரு பழைய ஜப்பான் லேத் இருக்கிறது. அதன் மேல் இருக்கும் எழுத்துகளைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவள் நான். அந்த ஆசையில் ஜப்பானியத்தை எடுத்துவிட்டேன்.

ஆறு வகுப்பு முடிந்திருக்கிறது. முதல் நாள் "ஹிரகானா யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டதும் பாதி வகுப்பு கை தூக்கியது. ஹிரகானா என்பது ஜப்பானியத்தின் அடிப்படை எழுத்து. அவர்கள் அனிமே (ஜப்பானியக் கார்ட்டூன்) பார்த்துப் பார்த்தே கற்றவர்கள். எனக்கு ஒன்றும் தெரியாது. பாடம் நடப்பது ஆங்கிலத்தில். இலக்கண விளக்கத்தை முதலில் ஆங்கிலத்தில் புரிந்துகொண்டு, பிறகு ஜப்பானியத்துக்குப் போவதற்குள் வகுப்பு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறது. இணையத்தில் தேடினால் ஜப்பானியத்துக்கு 2200 மணி நேரம் ஆகும் என்று போட்டிருக்கிறார்கள். எங்களுக்கு வாரம் மூன்று மணி நேரம்தான்.

அடுத்த வாரம் ஹிரகானா 46 எழுத்துக்கும் தேர்வு. ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே தமிழில் உச்சரிப்பு எழுதி வைத்துப் படிக்கிறேன். பாடத்தை மாற்றிக்கொள்ள இன்னும் பத்து நாள் இருக்கிறது. ஜெர்மனுக்குப் போய்விடட்டுமா? உண்மையைச் சொல்லுங்கள்.

நகோயா வாசி

தங்கச்சி, மாற்றாதீர்கள். நானும் தமிழ்வழிதான், ஒன்றும் தெரியாமல் கல்லூரியில் ஆரம்பித்தவன்தான். இப்போது ஒன்பது வருடமாக இங்கே வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை.

முதலில் அந்த 2200 மணி நேரம். அது அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்குப் போட்ட கணக்கு. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள், வேலைக்குத் தேவையான அளவு பேசவும் படிக்கவும் ஆகும் நேரம். அதே பட்டியலில் தமிழும் இருக்கிறது, 1100 மணி நேரம் என்று. அதாவது வினையைக் கடைசியில் வைப்பதும், சொல்லுக்குப் பின்னால் உருபை ஒட்டுவதும் அவர்களுக்கே மலைப்பான விஷயம். அந்த மலையை நீங்கள் இரண்டு வயதிலேயே ஏறிவிட்டீர்கள். அந்தக் கணக்கை உங்கள் மேல் போட்டுப் பார்ப்பதே தப்பு.

இரண்டாவது, இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். இலக்கணத்தை ஆங்கிலம் வழியாகப் புரிந்துகொள்ளப் பார்க்காதீர்கள். நேராகத் தமிழில் வைத்துப் பாருங்கள். ஒரு உதாரணம். 'தே இரு' என்று ஒரு வடிவம் சீக்கிரமே வரும். ஆங்கில விளக்கத்தில் அதை நடந்துகொண்டிருக்கும் செயல் என்று போட்டிருப்பார்கள். 'தாபெதே இரு' என்றால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். சரி. அப்படியானால் 'கிதே இரு' என்றால்? என் வகுப்பில் எல்லோரும் 'வந்துகொண்டிருக்கிறார்' என்று எழுதினோம். தப்பு. 'வந்திருக்கிறார்', அதாவது வந்து இங்கே இருக்கிறார். தமிழில் 'வந்து இரு' என்று அப்படியே வைத்திருந்தால் தானாகவே சரியாக வந்திருக்கும். ஜப்பானியத்திலும் அந்த 'இரு'வுக்கு இருத்தல் என்றுதான் பொருள்.

இன்னும் இருக்கிறது. 'தாபெதே மிரு': மிரு என்றால் பார். சாப்பிட்டுப் பார். 'கத்தே ஒகு': ஒகு என்றால் வை. வாங்கி வை. 'மொத்தே குரு': எடுத்து வா. 'நான் நேற்று வாங்கிய புத்தகம்' என்பதை 'வதஷி க கினோ கத்த ஹொன்' என்பார்கள். நான், நேற்று, வாங்கிய, புத்தகம். வரிசை மாறவே இல்லை. ஆங்கிலம் வழியாக வருகிறவர்கள் இந்த ஒரு வாக்கியத்தைத் திருப்பிப் போடப் பழகவே மாதக்கணக்கு ஆகும்.

'என்று' இருக்கிறதே, அதற்கு 'தொ'. என்று சொன்னார், என்று நினைக்கிறேன், இரண்டும் அதே இடத்தில் அதே வேலை செய்கின்றன. 'நானும்' என்பதில் உள்ள 'உம்'முக்கு 'மொ'. யாருடன் 'உம்' சேர்ந்தால் யாரும், 'தரெ'யுடன் 'மொ' சேர்ந்தால் 'தரெமொ'. ஒரு நோட்டில் இடது பக்கம் ஜப்பானியம், வலது பக்கம் தமிழ் என்று மட்டும் எழுதி வாருங்கள். நடுவில் வேறு மொழியே வேண்டாம்.

தில்லி மாணவன்

ஜேஎன்யூ பல்கலைக்கழகத்தில் பி.ஏ. ஹானர்ஸ் ஜப்பானியம் இரண்டாம் ஆண்டு. இங்கேயும் எழுத்துத் தெரியாமல்தான் வந்து சேர்கிறார்கள், ஆனால் எங்களுக்கு அதுதான் முழுநேரப் படிப்பு. வாரம் மூன்று மணி நேரத்தில் நீங்கள் செய்வது வேறு. ஒப்பிட்டு மனம் தளர வேண்டாம்.

நகோயா அண்ணா சொன்னதை முக்கால்வாசி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தமிழ் எல்லா இடத்திலும் கைகொடுக்காது. எழுவாயோடு வரும் 'வ', 'க' என்ற இரண்டு ஒட்டுகள் இருக்கின்றன. தமிழில் எழுவாய்க்கு உருபே கிடையாது, அதனால் இதை ஒப்பிட ஒன்றும் இல்லை. 'யார்', 'எது' போன்ற கேள்விச்சொல் எழுவாயாக வந்தால் 'க'தான் வரும், 'வ' வராது, பதிலிலும் 'க'தான். 'அவர்தான் வந்தார்' என்று தமிழில் 'தான்' போடத் தோன்றும் இடங்களில் பெரும்பாலும் 'க' பொருந்தும். அதற்கு மேல் நிறையப் படித்துக் காதில் ஏற்றிக்கொள்வதுதான் வழி.

அப்புறம், தமிழில் உச்சரிப்பு எழுதிப் படிப்பதை இன்றே நிறுத்துங்கள்.

கோவை முதலாண்டு

நகோயா அண்ணா, 'வந்திருக்கிறார்' உதாரணத்தை வகுப்பில் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னேன். அவள் ஆங்கிலவழி. அவளுக்கும் தமிழில் சொன்னதும்தான் பிடிபட்டது.

தில்லி நண்பரே, இலக்கணத்துக்குத் தமிழ் வேண்டும், உச்சரிப்புக்கு மட்டும் கூடாதா? ஆங்கில எழுத்தில் எழுதுவதைவிடத் தமிழில் எழுதினால் குறில் நெடில் தெளிவாகத் தெரிகிறதே?

மயிலை டீச்சர்

நல்ல கேள்வி அம்மா. சென்னையில் பல வருடமாகத் தொடக்க நிலை ஜப்பானியம் சொல்லித் தருகிறேன். இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

தமிழ்க் காது ஜப்பானியத்துக்கு மிக நல்ல காது. தமிழ் எழுத்துதான் அதற்குப் பொருந்தாது. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

காக்காவில் வரும் க, தங்கத்தில் வரும் க இரண்டையும் நாம் ஒரே எழுத்தில் எழுதுகிறோம். வல்லினம் சொல்லின் நடுவில் தனியாக வந்தாலோ, மெல்லினத்துக்குப் பின்னால் வந்தாலோ நம் வாய் தானாகவே மென்மையாக்கிவிடும். இந்தப் பழக்கம் நமக்கே தெரியாது. ஜப்பானியத்தில் 'ககி' என்று வல்லோசையோடு சொன்னால் ஒரு பழம். நடுவில் இருக்கும் க-வைத் தங்கத்தின் க போலச் சொன்னால் சாவி. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். 'தென்கி' என்றால் வானிலை. முதல் எழுத்தை 'பந்து' என்பதில் வரும் த போலச் சொன்னால் மின்சாரம். தமிழ் மாணவர்கள் வானிலையைச் சொல்லும்போது 'ன்'னுக்கு அடுத்த 'கி'யைச் 'சங்கிலி'யில் வருவது போலச் சொல்வார்கள். 'வதஷி'யில் உள்ள 'த'வை 'அது'வில் உள்ள 'து' போலச் சொல்வார்கள். கூர்மையாகச் சொல்ல வேண்டிய இடம் அது. ஹிரகானாவில் இந்த வேறுபாட்டை எழுத்தின் வலது மேல்முனையில் இரண்டு சிறு கோடுகளால் காட்டுகிறார்கள். தென்தென் என்பார்கள். அந்த இரண்டு கோட்டைக் கண்ணால் பார்த்ததும் வாய் மாறப் பழக வேண்டும். கீழே தமிழ் எழுதியிருந்தால் கண் அங்கேதான் போகும், கோட்டைப் பார்க்காது.

இனி நம் காது எங்கே உதவும் என்று சொல்கிறேன். மாத்திரை! பள்ளியில் படித்திருப்பீர்களே. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. ஜப்பானியமும் அப்படித்தான் எண்ணுகிறது. 'ஒபஸன்' என்றால் அத்தை, சித்தி, பெரியம்மா. 'ஒபாஸன்' என்றால் பாட்டி. ஆங்கிலவழி மாணவர்கள் இதில் திணறுவார்கள். பட்டு, பாட்டு என்று சொல்லி வளர்ந்த நமக்கு இது விளையாட்டு. ஒரே ஒரு வித்தியாசம். நமக்கு மெய்யெழுத்து அரை மாத்திரை, அவர்களுக்கு ஒற்றும் முழுசாக ஒன்று. 'நிப்பொன்' என்பதை நாம் எண்ணினால் ஒன்று, அரை, ஒன்று, அரை, மொத்தம் மூன்று. அவர்களுக்கு நான்கு. கையைத் தட்டிக்கொண்டே நி, ப், பொ, ன் என்று நான்கு தட்டுக்குச் சொல்லிப் பாருங்கள். ஒற்றில் ஒரு தட்டு நின்று போக வேண்டும். என் வகுப்பில் முதல் மாதம் மேசையைத் தட்டும் சத்தம்தான் அதிகம் கேட்கும்.

குற்றியலுகரமும் உதவும். 'காடு' என்பதில் கடைசி உகரத்தை உதடு குவிக்காமல் சொல்கிறோம் அல்லவா? ஜப்பானிய உகரம் கிட்டத்தட்ட அப்படித்தான், உதட்டைக் குவிக்கக் கூடாது. 'தெஸு' என்பதில் அதுவும் தேய்ந்து காதில் விழாமலே போகும்.

தேர்வு அடுத்த வாரம் என்கிறீர்கள். வரிசையைக் கவனியுங்கள். உயிர்: அ, இ, உ, எ, ஒ. நம் குறில்கள் ஐந்தும், நம் வரிசையிலேயே. மெய் வரிசை: க, ஸ, த, ந, ஹ, ம, ய, ர, வ. நம்முடையது க, ச, த, ந, ப, ம, ய, ர, வ. ஹ இருக்கும் இடத்தில் பழங்காலத்தில் ப ஒலிதான் இருந்தது. அதனால்தான் இன்றும் ஹ-வின் மேல் சிறு வட்டம் போட்டால் ப ஆகிறது. இந்த ஒற்றுமை தற்செயல் இல்லை. சமஸ்கிருத மந்திரங்களுக்காகச் சித்தம் எழுத்தைக் கற்ற பௌத்தத் துறவிகள் வழியாக இந்திய ஒலி வரிசை அங்கே போனது. ஆக அட்டவணையை நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டாம், அது ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. வடிவங்கள்தான் பாக்கி. ஒரு நாளைக்கு இரண்டு வரிசை, பத்து எழுத்து. கோடு போடும் ஒழுங்கை மாற்றாமல் கையால் எழுதுங்கள், கைப்பேசியில் தொட்டுப் படிப்பது போதாது. நு, மெ இரண்டையும் குழப்பிக்கொள்வீர்கள். நு-வின் வால் கடைசியில் ஒரு சுழி சுழிக்கும், மெ-க்குச் சுழி இல்லை. நெ-க்கும் அதே சுழி உண்டு. அதே உடல் கொண்ட வ உள்ளே வளையும், ரெ வெளியே விரியும்.

தமிழ் உச்சரிப்பை அழிப்பானால் அழித்துவிடுங்கள். வெட்டிவிட்டால் போதாது, கண்ணுக்குத் தெரியும்.

யாழ் கரையோரம்

டீச்சர் சொன்னதோடு நானும் ஒன்று சேர்க்கிறேன். நான் கொழும்பில் இருந்து படித்தனான், ஊர் யாழ்ப்பாணம். கொரெ, ஸொரெ, அரெ, தொரெ என்று வகுப்பில் வந்தபோது எங்கட ஆக்கள் ஒருவருக்கும் விளக்கமே தேவைப்படவில்லை. இது, உது, அது, எது! கேட்கிறவருக்குப் பக்கத்தில் இருப்பதை நாங்கள் இன்றைக்கும் 'உது' என்றுதான் சொல்வோம். 'உதென்ன உங்கட கையில?' என்றால் அது ஸொரெ. தமிழ்நாட்டுப் பேச்சில் உது போய்விட்டதால் உங்களுக்கு ஸொரெயும் அரெயும் குழம்பும். உகரச் சுட்டைத் திரும்ப எடுத்து வையுங்கள் தங்கச்சி, உங்கட இலக்கணப் புத்தகத்தில் அது இருக்கிறதுதானே.

இன்னுமொன்று: கடையில் வாங்கும் ரொட்டிக்கு அவர்கள் 'பன்' என்கிறார்கள், நாங்கள் 'பாண்' என்கிறோம். இரண்டும் போர்த்துக்கேயரிடம் இருந்து வந்த ஒரே சொல்.

இவ்வளவு ஒற்றுமை இருக்கும்போது இரண்டு மொழியும் ஒரே தாய் வயிற்றில் பிறந்தவை என்று பேராசிரியர் சுசுமு ஓனோ சொன்னது உண்மைதானோ என்று அடிக்கடி தோன்றும். எங்கட பேராசிரியர் சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் அவரோடு சேர்ந்து வேலை செய்தவர்கள்.

தில்லி மாணவன்

ஓனோ (1919–2008) பெரிய அறிஞர், பழைய ஜப்பானியத்தில் அவர் செய்த வேலைக்கு மதிப்புக் குறையாது. ஆனால் தமிழ்–ஜப்பானிய உறவை மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. சொல்லுக்குச் சொல் ஒலி ஒத்திருப்பதைக் காட்டினால் போதாது, ஒலிகள் ஓர் ஒழுங்கில் மாறியிருப்பதைக் காட்ட வேண்டும் என்பது முக்கியமான மறுப்பு. வினை கடைசியில் வருவது, உருபு ஒட்டுவது எல்லாம் கொரியம், துருக்கியம், மங்கோலியத்திலும் உண்டு.

உறவு இருக்கிறதோ இல்லையோ, அமைப்பு ஒத்திருப்பது கண்முன்னால் இருக்கிறது. கற்கிறவருக்கு அது போதும். ஆனால் சொற்களை அப்படி ஊகிக்கப் போகக் கூடாது. முதல் பருவத்தில் 'நீங்கள்' என்ற பொருளுள்ள 'அனத'வைப் பார்த்ததும் எனக்கு 'உனது' நினைவுக்கு வந்தது. அந்த நினைவிலேயே எல்லோரையும் 'அனத' என்று அழைத்துக்கொண்டிருந்தேன். பெயரோடு 'ஸன்' சேர்த்துச் சொல்வதுதான் மரியாதை என்று ஆசிரியர் நிறுத்திச் சொன்னார்.

நகோயா வாசி

தமிழ் நம்மைத் தவறாக நடத்தும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன், இவை எனக்கு இங்கே வேலையில் நேர்ந்தவை.

யாராவது கூப்பிட்டால் நாம் 'இதோ வருகிறேன்' என்போம். கேட்பவர் பக்கம் போவது தமிழில் வருவதுதான். ஜப்பானியத்தில் அது போவது. 'இம இகிமஸ்', இப்போது போகிறேன் என்றுதான் சொல்ல வேண்டும். நான் இரண்டு வருடம் 'வருகிறேன்' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் திருத்தவில்லை, புரிந்துகொண்டு விட்டுவிட்டார்கள்.

கொடுப்பதற்கும் அப்படித்தான். எனக்கு ஒருவர் தந்தால் 'குரெரு', நான் பிறருக்குக் கொடுத்தால் 'அகெரு'. தா, கொடு என்ற வேறுபாட்டைத் தொல்காப்பியமே சொல்கிறது: தன்மைக்கும் முன்னிலைக்கும் தா, படர்க்கைக்குக் கொடு. கிட்டத்தட்ட அதேதான், ஆனால் முன்னிலையில் பிரிந்து போகிறது. 'உனக்குத் தருகிறேன்' என்பது அங்கே 'அகெரு' பக்கம் போய்விடும்.

மரியாதை இன்னும் முக்கியம். எங்கள் மேலாளரைப் பற்றி வாடிக்கையாளரிடம் பேசும்போது, தமிழ்ப் பழக்கத்தில் அவர் பெயரோடு 'ஸன்' சேர்த்துப் பேசினேன். வெளியாளிடம் பேசும்போது நம் ஆளை உயர்த்தக் கூடாது, வெறும் பெயர்தான். சொந்த அப்பாவைப் பற்றி வெளியில் பேசினால் 'சிசி', அடுத்தவர் அப்பா என்றால் 'ஒதோஸன்'. பெரியவர்களை எங்கேயும் உயர்த்தியே பேசி வளர்ந்த நமக்கு இது மனசுக்கு ஒட்ட நாளாகும்.

அரக்கோணம் ரயில்

கான்ஜி (ஜப்பானியத்தில் வரும் சீன எழுத்துகள்) பற்றி யாரும் பேசவில்லையே. நான் ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் தேர்வில் என்4 நிலை முடித்தவன், தினம் ரயிலில் போகவர இரண்டு மணி நேரம், அதில்தான் படித்தேன். அன்றாடப் பயன்பாட்டுப் பட்டியலில் 2136 கான்ஜி. முதல் பருவத்தில் அந்த எண்ணைப் பார்க்கவே வேண்டாம். கல்லூரிப் பாடத்தில் பத்துப் பதினைந்து வந்தால் அதிகம். இடது பக்கம் மனிதன், வலது பக்கம் மரம்: மரத்தில் சாய்ந்த மனிதன், ஓய்வு. இப்படி உறுப்புகளாகப் பிரித்துப் பாருங்கள், கோடு கோடாகப் பார்த்தால் நிற்காது. உச்சரிப்பைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள், சொல்லோடு சேர்த்துப் படியுங்கள்.

ஜேஎல்பிடி தேர்வு சென்னையில் ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது. தொடக்க நிலையான என்5-க்கு 180-க்கு 80 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் கேட்டல் பகுதியில் 60-க்கு 19 தனியாக எடுத்தாக வேண்டும். என்னோடு எழுதிய ஒருவர் மொத்தத்தில் நூறு தாண்டியும் கேட்டலில் விழுந்தார். முதல் நாளிலிருந்தே காதுக்கு வேலை கொடுங்கள். ஜப்பான் பவுண்டேஷனின் இரோதோரி பாடங்கள் ஒலிப்பதிவோடு இலவசமாகவே கிடைக்கின்றன.

கோவை முதலாண்டு

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

பாடத்தை மாற்றவில்லை. ஹிரகானா தேர்வில் 46-க்கு 43. போன மூன்றில் இரண்டு, டீச்சர் சொன்ன அதே நு, மெ. தமிழ் உச்சரிப்பை அழித்துவிட்டேன். முதல் மூன்று நாள் ரொம்பக் கஷ்டமாக இருந்தது, நான்காம் நாள் எழுத்தே வாய்க்கு வந்தது. இடது பக்கம் ஜப்பானியம், வலது பக்கம் தமிழ் நோட்டு முப்பது பக்கம் தாண்டிவிட்டது. விடுதியில் நான்கு பேர் அதை வாங்கிப் படியெடுத்திருக்கிறார்கள், அதில் இரண்டு பேர் முதல் நாள் கை தூக்கியவர்கள்.

இப்போது, அயல்மொழிச் சொற்களை எழுதும் கத்தகானா எழுத்து போய்க்கொண்டிருக்கிறது. ஷி, த்ஸு இரண்டும் ஒரே மாதிரி இருக்கின்றன. ஷி-யின் சிறு கோடுகள் இடது ஓரத்தை ஒட்டி அடுக்கி நிற்கும், த்ஸு-வுக்கு மேல் ஓரத்தை ஒட்டி நிற்கும் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

போன ஞாயிறு ஊருக்குப் போயிருந்தேன். அப்பாவோடு பட்டறைக்குப் போய் அந்த லேத் முன்னால் உட்கார்ந்தேன். கியர் பெட்டிக்குப் பக்கத்தில், சின்ன வட்டக் கண்ணாடிக்கு மேலே மூன்று எழுத்து, பாதி கிரீஸ். துணியால் துடைத்துவிட்டு ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒ. இ. ரு. ஒஇரு. ஒன்றும் புரியவில்லை. வேகமாகச் சொல்லிப் பார்த்தேன், மூன்றாவது முறை 'ஆயில்' என்று கேட்டது! அப்பா, "அதுல ஆயில் மட்டம் பாப்போம்னு எனக்கு இருபது வருசமா தெரியும், அதையேதான் எழுதியிருக்கானா?" என்று கேட்டார். பிறகு ஒவ்வொரு ஒட்டியாகக் காட்டி இது என்ன, இது என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பாதி எனக்குத் தெரியவில்லை.

சக்குக்கு மேலே மஞ்சள் ஒட்டியில் இரண்டு கான்ஜி பெரிதாக இருக்கின்றன. முதலாவதில் இடது பக்கம் மூன்று துளி. இரண்டாவதில் கீழே இதயம், அது தெரியும். மேலே இருப்பது தெரியவில்லை. படம் கீழே போட்டிருக்கிறேன். யாராவது சொல்லுங்களேன், அப்பா தினமும் போனில் கேட்கிறார்.

மயிலை டீச்சர்

46-க்கு 43! மிகவும் சந்தோஷம் அம்மா.

அது 'ச்யூஇ', மூன்று தட்டு. முதல் கான்ஜியின் மூன்று துளி தண்ணீர். ஊற்றுவது, பாய்ச்சுவது என்று பொருள். இரண்டாவதில் மேலே இருப்பது ஒலி, கீழே இதயம்; சேர்ந்தால் எண்ணம், மனம். மனத்தை அதில் பாய்ச்சு. கவனம் என்று எழுதியிருக்கிறது, அப்பாவிடம் சொல்லுங்கள்.